வலது பக்கத்து நிழல்

சாலோம்புரத்துக்குக் கிழக்கே, ஊருக்கும் கடலுக்கும் நடுவில், கண்ணுக்கு எட்டிய மட்டும் உப்புப் பாத்திகள்தான் கிடந்தன. அங்கே மரம் கிடையாது, செடி கிடையாது, ஒதுங்கி நிற்க ஒரு குட்டிச்சுவர்கூடக் கிடையாது, மேலே இருக்கிற வெயில் தலையில் இறங்கும், கீழே கிடக்கிற உப்பின் வெயில் கண்ணுக்குள் ஏறும், அப்படிப்பட்ட வெட்டவெளியில்தான் ஒரு பங்குனி மாதத்து மத்தியானம் பாக்கியசீலியின் வலது பக்கத்தில் ஒரு நிழல் வந்து நின்றது. எதன் நிழல் என்று கேட்டால் இன்றுவரை யாருக்கும் தெரியாது. மேலே ஒன்றுமில்லை. ஒரு பாய் விரித்த அகலத்துக்கு, ஈரமான வேட்டியைத் தரையில் போட்டது போல, அது பாட்டுக்குக் கிடந்தது.

சீலியைப் பற்றிச் சொல்லச் சொன்னால் ஊரில் யாருக்கும் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இருக்காது. பெற்றவள் பிரசவத்திலேயே போய்விட்டாள். மாமா வீட்டில் வளர்ந்தாள், அங்கே அவளை யாரும் அடித்ததில்லை, யாரும் மடியில் வைத்ததும் இல்லை. பிறகு எபனேசருக்குக் கட்டிக்கொடுத்தார்கள், எபனேசர் பொண்டாட்டி ஆனாள். வேதக்கோயில் அசனத்தன்று ஊரே வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும்போது, சோற்று வாளியோடு வருகிறவன் அவளுக்கு இந்தப் பக்கத்து இலையில் போடுவான், அந்தப் பக்கத்து இலையில் போடுவான், நடுவில் இருக்கிற அவள் இலையைத் தாண்டிப் போய்விடுவான். வேண்டுமென்று செய்வதில்லை. வேண்டுமென்று செய்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

எபனேசர் கோட்டயத்தில் ஒரு பலசரக்குக் கடையில் இருந்தான். பிள்ளை பிறந்து, பெண் என்று தெரிந்த பிறகு ஒரு தடவை வந்தான், அதோடு சரி, ஞானஸ்நானத்துக்கும் வரவில்லை. சண்டை ஒன்றும் இல்லை, சண்டை போட்டாலாவது ஆள் இருக்கிற மாதிரி இருக்கும். அம்மா சாராளுக்கு மட்டும் போன் பண்ணுவான். சாராள் போனில் பேசுகிற நேரம் பார்த்துச் சீலி அந்தப் பக்கம் வாசலைக் கூட்டுவாள், கூட்டின இடத்தையே கூட்டுவாள். கடைசியில் அவன், "எல்லாரும் நல்லா இருக்கியளா?" என்று கேட்பது போனுக்கு வெளியேயும் கேட்கும். அந்த 'எல்லாரும்' என்ற சொல்லுக்குள் எங்கேயாவது ஒரு மூலையில் தான் இருக்கிறோமா என்று அவள் ராத்திரி படுக்கும்வரை தேடிக்கொண்டிருப்பாள்.

அன்றைக்கு நடந்தது இதுதான். பிள்ளை அக்சாளை வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் உப்பளத்துக்கே தூக்கி வந்து, மூன்று கம்பு நட்டு, பழைய சேலையில் தொட்டில் கட்டி, வெயிலுக்காக மேலே ஒரு துண்டைப் போட்டிருந்தாள். கடல்காற்று துண்டைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாத்திக்குள் போட்டது. பிள்ளை முகம் சிவந்து வீறிட்டது. சீலி தலையிலிருந்த உப்புக் கடகப்பெட்டியை இறக்கிவிட்டு ஓடிவந்து, வெயிலுக்கு முதுகைக் காட்டி, தன் உடம்பையே தொட்டிலுக்கு மறைவாக வைத்து உட்கார்ந்தாள். அப்போது அவள் நிழல் கேட்கவில்லை, தண்ணீர் கேட்கவில்லை, ஒன்றுமே கேட்கவில்லை. "ஆண்டவரே, ஒமக்காவது என்னயத் தெரியுதா?" என்று மட்டும் வாய்க்குள் சொன்னாள். அப்போதுதான் வலது பக்கத்தில் தரை கறுத்தது.

மேகம் என்று நினைத்து அண்ணாந்து பார்த்தாள். மேகம் இல்லை. சரி என்று தொட்டிலைப் பிடுங்கி நிழலுக்குள் நட்டாள். பிள்ளை தூங்கியது. கடகத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது நிழலும் எழுந்து கூடவே வந்துவிட்டது, பிள்ளை மறுபடியும் அழுதது. அதற்குப் பிறகு சீலி பிள்ளையை வலது இடுப்பில் வைத்துக்கொண்டே உப்புச் சுமந்தாள்.

குவித்து வைத்த உப்பு அம்பாரத்தடியில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த மாரித்தாய்தான் முதலில் பார்த்தாள். கூடவே வேலை செய்கிறவள், வாய் கொஞ்சம் நீளம்.

"ஏட்டி, அது என்னது ஒம் பக்கத்துல?"

"தெரியலக்கா. நெழலு."

"நெழலுதான, பாம்புன்னுல்லா நெனச்சேன். இங்கன கொஞ்சம் தள்ளி வந்து நில்லு, காலையிலருந்து மண்டையிடி."

சீலி தள்ளிப் போய் நின்றாள். மாரித்தாய் நிழலுக்குள் உட்கார்ந்து, காலை நீட்டி, வேப்பமரத்தடியில் தண்ணீர் தெளித்துவிட்டு உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்றாள். மற்றவர்களும் கஞ்சிச் சட்டியோடு எழுந்து வந்தார்கள். ஒருத்தியாவது ஐயோ என்று சொல்லவில்லை. வருஷம் முழுக்க வெயிலில் காய்கிறவர்களுக்கு நிழலைக் கண்டால் உட்காரத்தான் தோன்றுமே தவிர, எங்கிருந்து வந்தது என்று விசாரிக்கத் தோன்றாது.

வேலையை மாற்றியவர் கங்காணி பொன்ராஜ். சீலி நடந்து போன பக்கமெல்லாம் பாத்தியில் உப்புப் பூக்காமல் தண்ணீர் தண்ணீராகவே நிற்பதை அவர் கண்டுபிடித்துவிட்டார். "இந்தாம்மா, எபனேசர் பொண்டாட்டி, நீ பாத்திப் பக்கமே வராத. வெயிலு விழுந்தாத்தான் உப்பு. ஒன்ன விட்டா கடலத் திரும்பக் கடலாவே ஆக்கிருவ போலுக்கே" என்று சத்தம் போட்டார். ஆனால் வேலையை விட்டுப் போ என்று சொல்லவில்லை, அவருக்கும் முதுகில் வேர்க்குரு இருந்தது. அம்பாரத்து மேட்டில் போய் நிற்பதுதான் இனி உன் வேலை என்றார். அதிலிருந்து சீலி மேட்டில் நின்றாள், வேலைக்காரர்கள் முறை வைத்து வந்து உட்கார்ந்தார்கள், கைப்பிள்ளைக்காரிகள் முதலில், தலைவலிக்காரர்கள் அடுத்து, பிறகு வயசாளிகள். ஆம்பிளைகளும் பொம்பிளைகளும் ஒரே நிழலில் உட்காரலாமா என்று ஒரு வாரம் சண்டை நடந்து, நடுவில் ஒரு சாக்கைத் தொங்கவிட்டு அதையும் தீர்த்துக்கொண்டார்கள்.

எல்லாரும் உட்கார்ந்தார்கள், சீலி மட்டும் உட்காரவில்லை. நிழல் எப்போதும் அவளுக்கு வலது பக்கம்தான். இவள் வலது பக்கம் ஓர் அடி வைத்தால் அது இன்னும் ஓர் அடி வலது பக்கம் தள்ளிப் படுத்துக்கொள்ளும். முதல் நாள் அதற்குள் போகப் பார்த்து, திரும்பித் திரும்பி, தன் வாலைப் பிடிக்கிற நாய்க்குட்டி மாதிரி சுற்றினாள். மாரித்தாய்க்குச் சிரித்துச் சிரித்துக் கஞ்சி புரையேறிவிட்டது. அதற்குப் பிறகு சீலி முயற்சி பண்ணவில்லை. ஆனால் அவளுக்கு அது குறையாகப் படவில்லை. காலையில் மேட்டுக்குப் போகும்போது தூரத்திலிருந்தே, "சீலி வந்துட்டா, சீலி வந்துட்டா" என்று குரல் கேட்கும். அவள் பேரை இத்தனை வாய்கள் சொல்லி அவள் கேட்டதே இல்லை. வெயில் மண்டையில் அடிக்க, அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே அவள் நின்றாள்.

ஊரில் ஜெபம் நடத்துகிற உபதேசியார் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைக் கோயிலுக்குள் கூட்டிப்போய்ச் சோதித்தார். நல்லதா கெட்டதா என்று தெரிய வேண்டாமா. கோயிலுக்குள் கூரை இருந்ததால் எல்லா இடமும் நிழலாகத்தான் இருந்தது, அவளுடையது எது, கோயிலுடையது எது என்று பிரிக்க முடியவில்லை. அவர் ரொம்ப நேரம் தலையைச் சொறிந்துவிட்டு, "வித்தியாசம் தெரியல, அதனால நல்லதுதான்" என்று சொல்லி அனுப்பினார். வெளியே வெயிலில் பார்த்தால் அது சிறகு மாதிரி இருக்கிறது என்று அவர் சொன்னார், உள்ளங்கை மாதிரி என்று கோயில் ஆர்மோனியக்காரர் சொன்னார், எருமை படுத்திருப்பது மாதிரி என்று மாரித்தாய் சொன்னாள்.

இதையெல்லாம்விட வீட்டில் நடந்ததுதான் சீலிக்குப் பெரிசு. சாராள், மூன்று வருஷமாக "ஏட்டி" என்று மட்டும் கூப்பிட்டவள், கிணற்றடியில் நாலு பேர் கேட்க, "எம் மருமவ" என்றாள். கூழ்வற்றல் காயப்போடுகிற நாளில், "கொஞ்சம் அந்தப் பக்கமா நில்லும்மா, நிழலு வத்தல்ல விழுது" என்று 'ம்மா' போட்டுச் சொன்னாள். அந்த வாரம் போன் வந்தபோது சீலி வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள், கையிலிருந்த விளக்குமாறு அப்படியே நின்றுவிட்டது.

"எலே, ஒம் பொண்டாட்டிக்கி நிழலு வந்திருக்குல. ஊரே நம்ம வீட்டத்தான் பேசுது. நீ அங்கன இருந்து மளிக மடிச்சது போதும், வா."

எபனேசர் வந்தான். பையை இறக்கி வைத்ததும் நிழலைத்தான் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான், பார்த்துச் சிரித்தான். அன்று சாயங்காலமே அவளோடு கடைத்தெருவுக்கு நடந்தான். வலது பக்கத்தில், நிழலுக்குள், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். மேற்கு வெயில் எதிரே அடித்தது, அவன் முகத்தில் ஒரு பொட்டு வேர்வை இல்லை. புருஷனும் பெண்டாட்டியும் இப்படி ஒட்டிக்கொண்டு நடந்ததை ஊர் அதற்கு முன்னால் பார்த்ததில்லை, பெண்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். எங்கே போனாலும் அவன் வலது பக்கமே வந்தான். அவன் கை அவள் கையில் உரசும். அந்த நாட்களில் சீலி ராத்திரி முழங்கால் போட்டு, ஆண்டவரே, எனக்கு ஒம்மகிட்ட கேக்க வேற ஒண்ணும் இல்ல, இவுக இருந்தாப் போதும், இவுகளப் போகவிட்டுராதேயும் என்று மட்டும் ஜெபித்தாள்.

ஆவணியில் அசனம் வந்தது. பந்தல் போடுகிற செலவு மிச்சம் என்று கோயில் கமிட்டிக்காரர்கள் சீலியைக் கோயில் முற்றத்தில் நிற்கச் சொன்னார்கள். அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். ஜனம் உட்கார உட்கார நிழலும் நீண்டுகொண்டே போனது, ஒரு பந்தி நீளம், ஊர் நீளம், கோயில் மதில் வரைக்கும் போனது. ஒருத்தர் தலையில்கூட வெயில் படவில்லை. எபனேசர் முதல் பந்தியிலேயே உட்கார்ந்து பக்கத்தில் இருந்தவனிடம், "நம்ம வீட்டு நிழலுதாம்" என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டான். பந்திமேல் பந்தியாக ஊர் சாப்பிட்டது, ஆட்டுக்கறியும் கத்தரிக்காயும் மணத்தது. சீலிக்குக் கால் மாற்றி நிற்கக்கூட முடியவில்லை, நகர்ந்தால் யார் தலையிலாவது வெயில் அடிக்கும். எல்லாரும், யாராவது அவளுக்குப் போட்டிருப்பார்கள் என்று நினைத்துக் கை கழுவினார்கள்.

கழுவப் போட்ட அண்டாவிலிருந்து சுரண்டிய சோற்றை ஓர் இலையில் பொதிந்துகொண்டு மாரித்தாய்தான் வந்தாள். அவள் வேற சாமி கும்பிடுகிறவள், ஆனால் அசனச் சோற்றுக்கு வருஷா வருஷம் வந்துவிடுவாள்.

"தின்னு."

"அவுக சாப்ட்டாகளாக்கா?"

"ரெண்டு பந்தி தின்னாச்சு. ஒனக்கு ஏம்ட்டி ஒருத்தரும் எல போடல தெரியுமா? பந்தக்காலுக்கு எவன் எல போடுவான்?"

"சும்மா இருக்கா நீ" என்றாள் சீலி. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் இலையைப் பாதியிலேயே மடித்துவிட்டாள்.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்தது. வெயிலில் பூத்த உப்பெல்லாம் கரைந்து, பாத்தியெல்லாம் நிறைந்து, உப்பளம் ஒரே வெள்ளக்காடாகிக் கடலோடு சேர்ந்துகொண்டது. வருஷா வருஷம் நடப்பதுதான், வேலை நின்றது, வேலையாட்கள் வீட்டில் இருந்தார்கள். மேகம் விலகவே இல்லை. சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கோழிக்குக்கூடத் தெரியவில்லை. ஊர் முழுக்க ஒரே சாம்பல் நிறமாகக் கிடந்ததில் சீலியின் பக்கத்து நிழலை யாராலும் பார்க்க முடியவில்லை, சீலியாலும் பார்க்க முடியவில்லை. முதலில் இரண்டு மூன்று பேர், "என்ன, நிழலக் காணும்?" என்று கேட்டார்கள். பிறகு கேட்கவில்லை. வெயில் இல்லாத ஊருக்கு நிழல் எதற்கு?

சாராள் மறுபடியும் "ஏட்டி" என்றாள். அதில் கோபம் ஒன்றும் இல்லை, மழைக்காலத்தில் விசிறியை எடுத்துப் பரணில் போடுகிற மாதிரிதான். ஒரு நாள் எபனேசரோடு ரேஷன் கடைக்குப் போனபோது, சீலி பேசிக்கொண்டே வந்தவள், பதில் வராததால் திரும்பிப் பார்த்தாள். வலது பக்கத்தில் யாரும் இல்லை. எபனேசர் எப்போதோ பத்தடி முன்னால் போயிருந்தான், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, ஒற்றை ஆளாக, வேகமாக. பிள்ளை இவள் இடுப்பில் இருந்தது. 

அடுத்த வாரம் அவன் பையை எடுத்து வைத்தான்.

"கடையில ஆளு இல்லியாம். போயிட்டு வாரேன்."

"இருங்க. கிறிஸ்மஸ் கழிச்சிப் போங்களேன். பிள்ள இப்பத்தான ஒங்களப் பாத்துச் சிரிக்கி."

"இங்கன என்ன இருக்கு?"

அவள் பஸ் நிறுத்தம்வரை கூடப் போனாள். தூறிக்கொண்டிருந்தது. அவள் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள், அவன் பிள்ளையின் கன்னத்தைத் தட்டினான், பஸ்ஸில் ஏறினான், ஏதோ ஞாபகம் வந்தவனாக ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான். அவள் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"நிழலு திரும்ப வந்தா அம்மாகிட்ட சொல்லு, எனக்குப் போன் பண்ணச் சொல்லு" என்றான். நல்ல மனசோடுதான் சொன்னான். பஸ் போய்விட்டது.

சீலி வீட்டுக்குப் போகவில்லை. கால் எங்கே கூட்டிப் போனதோ அங்கே போனாள், அது உப்பளத்து வரப்பு. இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் ஒரு ஆள் நடக்கிற அகலத்தைவிடக் கொஞ்சம் கூட இருக்கும், அவ்வளவுதான். ஆள் அரவம் இல்லை. பிள்ளை இடுப்பிலேயே தூங்கிப்போயிருந்தது. வரப்பின் பாதியில் அவளுக்கு நடக்க முடியாமல் போனது, நின்றாள், நின்று, யாரும் இல்லாத வலது பக்கத்தைப் பார்த்துப் பேசினாள். பிறந்ததிலிருந்து யாரையும் அப்படிச் சத்தம் போட்டுப் பேசினதில்லை.

"ஒம்மகிட்ட நான் நிழலா கேட்டேன்? என்னயத் தெரியுதான்னுதான கேட்டேன். நீரு நிழலத் தந்து எல்லாரையும் கூட்டிட்டு வந்தீரு, வந்தவுக எல்லாம் நிழலுக்குத்தான் வந்தாக. பெறவு நிழலையும் எடுத்துட்டீரு. இரு இருன்னு நான் யாரக் கும்பிட்டனோ அவுக எல்லாம் போயிட்டாக. நீரும் போவணும்னா போம். போம் ஆண்டவரே. எனக்கு ஒருத்தரும் வேண்டாம்."

சொல்லிவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்தாள், உட்கார்ந்து, பிள்ளை முழித்துவிடக்கூடாதே என்று வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். அம்மா செத்ததற்கு அழுதாள், அம்மா முகம் தெரியாது. தாண்டிப்போன சோற்று வாளிகளுக்கு அழுதாள். பஸ் ஜன்னலுக்கு ஓடினாளே, அந்த ஓட்டத்துக்கு வெட்கப்பட்டு அழுதாள். அப்படி அவள் அழுதுகொண்டிருக்கும்போது தென்கிழக்கில் மேகம் ஓரிடத்தில் கிழிந்து, பல நாளாகக் காணாத வெயில் தண்ணீர்மேல் சாய்ந்து விழுந்தது. பாத்தியெல்லாம் பளீர் என்றது. அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வலது பக்கம் பார்த்தாள்.

அது அங்கேதான் இருந்தது. ஒரு பாய் அகலத்துக்கு, பாதி வரப்பிலும் பாதி தண்ணீரிலுமாக, அதே இடத்தில், புதிதாக வந்த மாதிரி இல்லாமல் இருந்த இடத்திலேயே இருந்த மாதிரி இருந்தது. ரேஷன் கடைக்குப் போகும்போது யாரும் இல்லாத அந்தப் பக்கத்தில் இது இருந்திருக்கிறது. பஸ் போனபோது இருந்திருக்கிறது. போ என்று அவள் சத்தம் போட்டபோது, ஒரு கை தூரத்தில் இருந்து கேட்டுக்கொண்டு, போகாமல் இருந்திருக்கிறது.

முதல்முறையாக அதில் வேறு யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. அவள் அதைப் பிடிக்கப் போகவில்லை, அதற்குத் தெம்பும் இல்லை. அழுத களைப்பில் தலை வலது பக்கமாகச் சாய்ந்தது. நிழல் தள்ளிப் போகவில்லை. கன்னத்தில் முதலில் பட்டது, பிறகு கழுத்தில், பிறகு மடியில் கிடந்த பிள்ளையின் காலில். பங்குனியிலிருந்து ஊருக்கெல்லாம் குளிர்ந்தது அவளுக்கு அப்போதுதான் குளிர்ந்தது. அதில் பேச்சு ஒன்றும் இல்லை, எபனேசர் திரும்பி வருவான் என்றோ, ஊர் இனி மறக்காது என்றோ அது ஒன்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. ரொம்ப நேரம் அப்படியே சாய்ந்திருந்தாள். அழுகை நிற்கவில்லை, ஆனால் தனியாக அழுகிற அழுகையாக இல்லை.

பிறகு மேகம் மூடிக்கொண்டது. வரப்பும் தண்ணீரும் வானமும் பழையபடி ஒரே சாம்பலாகி, நிழல் கண்ணுக்குத் தெரியாமல் போனது. சீலி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஊரைப் பார்த்து நடந்தாள்.

எதிரே மாரித்தாய் தூண்டில் கம்பும் கையுமாக வந்துகொண்டிருந்தாள், மழை வந்தால் பாத்தியில் மீன் ஏறும். சீலி வரப்பின் இடது ஓரத்தில், ஒரு கால் வைத்தால் தண்ணீர் என்கிற இடத்தில், பார்த்துப் பார்த்து வருவதைக் கண்டு அங்கிருந்தே கத்தினாள்.

"ஏட்டி, கண்ணு தெரியலியா? பிள்ளையோட உள்ள விழப்போற. நடுவுல நட."

"இல்லக்கா, பக்கத்துல ஆளு வருது."

மாரித்தாய் சீலியின் வீங்கின முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு வலது பக்கத்தில் காலியாகக் கிடந்த வரப்பைப் பார்த்தாள், அதில் தூறல் விழுவதைப் பார்த்தாள். எருமை என்று சொல்லவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வரப்பைவிட்டு இறங்கி, முழங்காலளவு தண்ணீரில் நின்று, அவர்கள் போகட்டும் என்று வழிவிட்டாள்.